நாய்களின் தூக்கமும் கனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்கள் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். அதுவும் பாதி ராத்திரியில், பதறிப்போய். "கால் வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு பாதி திறந்திருக்கு, முனகுது. என்ன செய்ய?" பெரும்பாலும் அது கனவுதான். சில நேரம் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்கு, நாய் நன்றாக இருக்கிற நாட்களிலேயே அது எப்படித் தூங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. இருபது வருடங்களாக நாய்களோடு வாழ்ந்து, அவற்றின் தூக்கத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தவன். இப்போது வீட்டில் இருப்பது செவலை. 13 வயது. இதை எழுதும்போது என் காலடியில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

நாய் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்கும்?

வளர்ந்த நாய் பகலும் இரவும் சேர்த்து 10 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். இனம், வயது, அன்றைக்கு எவ்வளவு ஓடியது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். பிரிட்டனில் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 16 வார வயதில் சராசரியாக 11.2 மணி நேரமும், 12 மாத வயதில் 10.8 மணி நேரமும் தூங்கியதாக வளர்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறந்து சில நாட்களே ஆன குட்டி, பால் குடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்கும்.

நாம் தூக்கம் என்று கணக்கு வைப்பதில் நிறைய அரைத்தூக்கமும் சேர்ந்திருக்கிறது. 1977-இல் பாயிண்டர் இன நாய்களின் மூளை அலைகளை நாள் முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் அவை நன்றாக விழித்திருந்தது 44 சதவீதம். கண் சொக்கிக் கிடந்தது 21 சதவீதம். ஆழ்ந்த தூக்கம் 23 சதவீதம். கனவு வரும் தூக்கம் 12 சதவீதம். அதாவது கனவுத் தூக்கம் மட்டும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மணிக்கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாயோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் நாயின் வழக்கம் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிவரும் நாய், ஒரு வாரமாகத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது என்றால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுவலி, தைராய்டு சுரப்புக் குறைவு, இதயக் கோளாறு எல்லாமே வெளியில் முதலில் "நிறையத் தூங்குது" என்றுதான் தெரியும்.

என் நாய் ஊசி விழுந்தாலும் எழுந்துவிடுகிறது. இந்தத் தூக்கம் அதற்குப் போதுமா?

போதும். நாய்க்குக் கோழித்தூக்கம்தான் இயல்பு. நாம் ராத்திரி படுத்துக் காலையில் எழுவதுபோல ஒரே நீட்டாக அது தூங்குவதில்லை. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் இரவு முழுக்க நாய்களைக் கவனித்தபோது, சராசரியாக 16 நிமிடம் தூங்கி, 5 நிமிடம் விழித்து, மறுபடி தூங்கின. எட்டு மணி நேரத்துக்குள் இப்படி 23 சுற்று.

அந்த ஐந்து நிமிட விழிப்பை நாம் கவனிப்பதே இல்லை. காது ஒருமுறை திரும்பும். மூக்கு இரண்டு தடவை காற்றை இழுக்கும். நாக்கு வெளியே வந்து மூக்கை நனைத்துவிட்டு உள்ளே போகும். தலை மறுபடி தரையில் இறங்கும். இதற்குள் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அது கணக்கெடுத்து முடித்திருக்கும்.

தூங்கும்போது நாயின் உடம்பில் என்ன நடக்கிறது?

நேற்றுப் பிற்பகல் செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையே சொல்கிறேன். முதலில் முன்னங்கால்கள் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடினாள். இது கண் அசரும் கட்டம். சமையலறையில் கரண்டி விழுந்தபோது காது மட்டும் அந்தப் பக்கம் போய் வந்தது. சிறிது நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கழுத்து தளர்ந்தது, மூச்சு நீண்டது. விலா ஏறி இறங்குவது தாலாட்டு மாதிரி ஒரே சீராக இருந்தது. இது ஆழ்ந்த தூக்கம். இதயத் துடிப்பு மெதுவாகும், மூளையில் அலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் போகும். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் இது.

ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து அந்தச் சீர் குலைந்தது. இரண்டு குட்டி மூச்சு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று வேகமான மூச்சு. இமைக்குக் கீழே கண்மணி இடமும் வலமுமாக ஓடுவது தெரிந்தது. மீசைமயிர் துடித்தது. உதடு ஒரு ஓரத்தில் மட்டும் தூக்கித் தூக்கி விழுந்தது. பிறகு முன்பாதத்தின் விரல்கள் மடங்கின, தண்ணீருக்குள் நீந்துவதுபோல் நான்கு காலும் லேசாக அசைந்தன, வாயைத் திறக்காமலே "உஃப், உஃப்" என்று கன்னம் உப்பிக் குரைத்தாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. பெருமூச்சு ஒன்று விட்டாள். மறுபடி ஆழ்ந்த தூக்கம்.

அந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் ரெம் தூக்கம், தமிழில் விரைவு விழியசைவுத் தூக்கம். அப்போது மூளை விழித்திருக்கும்போது போலவே சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் மூளைத்தண்டில் உள்ள பான்ஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய நரம்புகளும் உடம்பின் தசைகளுக்குப் போகும் கட்டளைகளைத் தடுத்து வைத்திருக்கும். அந்தத் தடுப்பையும் தாண்டிக் கசிந்து வருவதுதான் நாம் பார்க்கும் துடிப்பு. மற்ற நேரத்தில் குளிரையும் வெப்பத்தையும் சமாளிக்கும் உடம்பின் ஏற்பாடும் இந்தக் கட்டத்தில் மந்தமாகிவிடும். குளிர்ந்த தரையில் நாய் அசந்து தூங்குவது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாய்கள் உண்மையிலேயே கனவு காணுமா?

காணும் என்றுதான் நான் நம்புகிறேன். அப்படி நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன.

நாய் தூக்கத்தில் குரைப்பதைப் பார்த்துவிட்டு, அது கனவு காண்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். ஆனால் பார்த்ததைச் சொல்வது வேறு, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது வேறு. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், தூங்கும் மனிதர்களின் கண்கள் சில கட்டங்களில் வேகமாக ஓடுவதையும், அப்போது எழுப்பினால் கனவைச் சொல்வதையும் கண்டார்கள். 1958-இல் வில்லியம் டெமென்ட் அதே வகைத் தூக்கம் பூனையிடமும் இருப்பதைக் காட்டினார். பின்னர் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே ஒரு படி மேலே போனார். பான்ஸ் பகுதியில் அந்தத் தசைத் தடுப்பு வேலை செய்யாதபடி செய்தால், பூனைகள் ரெம் தூக்கத்தில் எழுந்து நின்றன. எதிரே எதுவும் இல்லாதபோதும் பதுங்கின, பாய்ந்தன, காதை மடக்கிச் சீறின. அந்தப் பூனைகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் தடுப்பு விலகியதும் வெளியே வந்தவை வெறும் துடிப்புகளாக இல்லாமல் ஒழுங்கான செயல்களாக இருந்தன என்பதை அவைதான் நமக்குக் காட்டின.

2001-இல் வந்தது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான சான்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாத்யூ வில்சனும் கென்வே லூயியும் எலிகளை ஒரு வட்டப்பாதையில் ஓடவிட்டு, ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் நரம்பணுக்களைப் பதிவு செய்தார்கள். பிறகு அந்த எலிகள் ரெம் தூக்கத்தில் இருந்தபோதும் பதிவு செய்தார்கள். பகலில் ஓடியபோது அணுக்கள் எந்த வரிசையில் துடித்தனவோ, அதே வரிசை தூக்கத்திலும் திரும்ப வந்தது. எலி விழித்திருந்தால் பாதையில் இப்போது எந்த இடத்தில் இருந்திருக்கும், ஓடிக்கொண்டிருந்ததா நின்றதா என்றுகூடச் சொல்லும் அளவுக்கு ஒத்துப்போனது.

நாயின் மூளை எலியின் மூளையைவிடச் சிக்கலானது. ரெம் தூக்கம், ஹிப்போகாம்பஸ், தசைத் தடுப்பு எல்லாம் நாய்க்கும் இருக்கின்றன. எலிக்கு ஓடிய பாதை திரும்ப வருமென்றால் நாய்க்கு நடந்த தெரு திரும்ப வராது என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கனவு காணுமா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. எலியின் தூக்கத்தில் வந்தது அன்றைக்கு அது ஓடிய பாதை. பகலில் எது மூளையை நிறைத்ததோ அதுவே திரும்ப வருகிறது. வீட்டு நாயின் பகலை நிறைப்பது எது? உங்கள் காலடிச் சத்தம், உங்கள் வாசனை, நீங்கள் எடுக்கும் கழுத்துப்பட்டை, வீசும் பந்து, திட்டிய திட்டு. அதனால் உங்களுக்கு அதில் இடம் இருக்கும் என்று நினைப்பது பேராசை இல்லை. வாசனை வழியாகவே உலகத்தைப் படிக்கும் உயிர் அது. அதன் கனவும் நம்முடையதைப்போல் படமாகவே ஓடும் என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம். செவலை கனவில் கால் அசைப்பதற்கு முன்பே அவள் மூக்குத் துளைகள் விரிந்து சுருங்கத் தொடங்கிவிடும்.

சின்ன நாய்கள்தான் அதிகம் கனவு காணும் என்கிறார்களே?

சின்ன நாய்க்கு அடிக்கடி, சுருக்கமாக வரும். பெரிய நாய்க்கு எப்போதாவது, நீளமாக வரும் என்று பலரும் சொல்கிறார்கள். உறுதியாக அளந்து நிறுவிய செய்தியாக நான் இதை எடுத்துக்கொள்வதில்லை. வயது விஷயம் வேறு. குட்டிகள் தூக்கத்தில் துடிப்பது நிச்சயமாக அதிகம். பிறந்த முதல் வாரங்களில் தூங்கும் குட்டியின் உடம்பு ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். நரம்பும் தசையும் ஒன்றோடொன்று பழகும் வேலை அது. அந்த வயதில் துடிப்பே இல்லாமல் துவண்டு கிடக்கும் குட்டியைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

கெட்ட கனவு வருமா? அழுவதுபோல் முனகுகிறது.

மனசுக்குப் பிடிக்காதது நடந்தால் தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது என்பது தெரியும். ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள ஆய்வாளர்கள், ஊசி குத்தாமல், மயக்க மருந்து தராமல், நாயின் தலையில் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டி, வளர்ப்பவரைப் பக்கத்திலேயே இருக்க வைத்து அதைத் தூங்கவிட்டுப் பதிவு செய்யும் முறையை வளர்த்தார்கள். 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், தூங்குவதற்கு முன் நாய்களுக்கு ஒரு நாள் தடவலும் விளையாட்டும் கிடைத்தன. இன்னொரு நாள் கட்டிப்போட்டு, தனியே விட்டு, கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். சில நிமிடங்கள்தான். கசப்பான அனுபவத்துக்குப் பிறகு நாய்கள் சீக்கிரமே தூங்கிப்போயின. ஆழ்ந்த தூக்கத்துக்கும் ரெம் தூக்கத்துக்கும் போகும் நேரத்தின் பங்கும் மாறிவிட்டது.

நான் இதைப் படித்த நாளிலிருந்து ராத்திரி படுக்கும் முன் நாயைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அதே சமயம், ஒவ்வொரு முனகலும் கெட்ட கனவு என்று நினைத்து வருந்தவும் வேண்டாம். விளையாடும்போதும் நாய் முனகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதும் முனகும். கொடுமைப்பட்டு மீட்கப்பட்ட நாய்களிடம் தூக்கத்தில் அலறல் இருந்தால், புதிய வீட்டின் தினசரி ஒழுங்கு பழகப் பழக அது தணிவதை நான் இரண்டு நாய்களிடம் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு எட்டு மாதம் ஆனது.

இது கனவா, வலிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கனவில் உடம்பு தளர்ந்திருக்கும். துடிப்பு சின்னதாக, ஒழுங்கில்லாமல் வரும்: ஒரு பாதம், பிறகு காது, பிறகு உதடு. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வந்து வந்து போகும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடும். எழுந்ததும் உங்களை அடையாளம் கண்டு வாலை ஆட்டும், அல்லது கொட்டாவி விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிப் படுக்கும்.

வலிப்பில் உடம்பு விறைக்கும். கால்கள் கட்டையாக நீண்டு, கழுத்து பின்னால் வளையலாம். வெட்டு பெரியதாகவும் ஒரே தாளத்திலும் வரும். தாடை இறுகி எச்சில் நுரைத்து வழியும். சிறுநீரோ மலமோ கழிந்துவிடலாம். எவ்வளவு கூப்பிட்டாலும் எழாது, ஏனென்றால் அது தூக்கமே இல்லை. முடிந்த பிறகும் உடனே சரியாகாது. சுவரில் முட்டும், உங்களையே தெரியாததுபோல் பார்க்கும், தள்ளாடும், சில நாய்கள் பசி வந்ததுபோல் அலையும். எனக்கு நம்பிக்கையான அடையாளம் இந்தப் பிந்தைய குழப்பம்தான். வலிப்பு தூக்கத்திலிருந்தே கிளம்புவதும் சகஜம் என்பதால், "தூங்கும்போதுதானே வந்தது" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

வலிப்பு என்று தோன்றினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் பயத்தில் நீண்டு தெரியும். அரை நிமிடம் பத்து நிமிடமாகப் படும். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, மேசையை நகர்த்துங்கள். படிக்கட்டு ஓரமாக இருந்தால் உருண்டு விழாமல் மறித்து உட்காருங்கள். வாயில் கையையோ, துணியையோ, தண்ணீரையோ வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, ஆனால் தன்னை அறியாமல் விரலைக் கடித்துவிடும். விளக்கைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து, இன்னொருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு உங்கள் வர்ணனையைவிட அந்த வீடியோ பெரிய உதவி. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் வந்தாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது தொடங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போதே கிளம்புங்கள்.

முதல் வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டாலும் மறுநாள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தூக்கத்தில் எழுந்து ஓடிச் சுவரில் மோதுகிறது. இதுவும் கனவா?

ரெம் தூக்கத்தின் தசைத் தடுப்பு சரியாக வேலை செய்யாத நாய்கள் உண்டு. படுத்த இடத்திலிருந்து பாய்ந்து எழும், ஊளையிடும், பக்கத்தில் உள்ள பொருளைக் கடிக்கும், எழுப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 2011-இல் இப்படிப்பட்ட 14 நாய்களைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொட்டாசியம் புரோமைடு என்ற மருந்தால் பல நாய்களுக்குக் குறைந்தது. வலிப்பிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. அதுவரை மெத்தையைச் சுற்றிலும் கூர்மையான முனைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

கனவு காணும்போது எழுப்பலாமா?

எழுப்பாதீர்கள். அலறுகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றால், கை எட்டாத தூரத்தில் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லுங்கள். தொடவே கூடாது. எவ்வளவு சாதுவான நாயும் ஆழ்ந்த தூக்கத்தில் திடீரென்று தொட்டால், யார் என்று தெரிவதற்குள் பல்லைக் காட்டிவிடும். அது கோபமோ நன்றிகெட்டதனமோ இல்லை. கண் விழிக்கும் முன்பே உடம்பு எழுந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளிடம் இது அதிகம் என்பதை அவற்றை வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். காது கேட்காத வயதான நாய்க்குக் குரலும் எட்டாது. அதன் மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கையைக் காட்டுங்கள், அல்லது தரையை லேசாகத் தட்டுங்கள்.

குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதி போதும். தூங்கும் நாயைத் தொடக் கூடாது. வீட்டில் நடக்கும் கடிகளில் எத்தனையோ இதனாலேயே நடக்காமல் போகும்.

படுக்கும் விதத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம், ஜோசியம் பார்க்க முடியாது. சுருண்டு மூக்கை வாலுக்குள் புதைத்திருந்தால் பெரும்பாலும் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் உடம்பைக் குளிரவைக்கிறது, கூடவே அந்த இடத்தில் அதற்குப் பயம் இல்லை. ஒருக்களித்துக் கால்களை நீட்டிக் கிடந்தால் கனவுத் தூக்கம் வருவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தசைகள் முழுக்கத் தளரும்போது குப்புறப் படுத்த நிலையில் தலையைத் தாங்க முடியாது. ஸ்பிங்ஸ் சிலைபோல் முன்னங்காலை நீட்டிக் குப்புறப் படுத்திருந்தால் அது சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

எப்போதும் ஒருக்களித்துத் தூங்கும் நாய் திடீரென்று உட்கார்ந்தபடி, கழுத்தை நீட்டித் தூங்கத் தொடங்கினால் அதை ரசித்துப் படம் எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை நாய் சொல்லும் விதம் அது.

படுக்கும் முன் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது?

காட்டில் வாழ்ந்த மூதாதைகள் புல்லை மிதித்துப் படுக்கை ஒதுக்கிய வழக்கம் என்பது பொதுவான விளக்கம். எனக்கும் ஏற்புடையதே. வயதான நாய் பத்துப் பதினைந்து சுற்று சுற்றியும் படுக்க முடியாமல் நின்றால், அது இடுப்பு வலியாக இருக்கலாம்.

கண்ணைப் பாதி திறந்து தூங்குகிறது. வெள்ளையாக ஏதோ மூடியிருக்கிறது.

அது மூன்றாம் இமை. கண்ணின் உள்மூலையிலிருந்து வரும் மெல்லிய திரை. தூக்கத்தில் பாதி மூடிய கண்ணில் அது தெரிவது இயல்பு. விழித்த பிறகும் உள்ளே போகாமல் நின்றால் காட்ட வேண்டும்.

குறட்டை விடுவது நல்ல தூக்கத்தின் அடையாளம்தானே?

முகம் தட்டையான இனங்களில் அப்படி நினைப்பது தவறு. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றுக்கு மூக்குத் துளை குறுகல், மென் அண்ணம் (வாயின் மேற்கூரையின் பின்பகுதி) நீளம். தசை தளர்ந்ததும் மூச்சுப் பாதை அடைபடும். மனிதர்களுக்கு வரும் தூக்க மூச்சுத்தடையை ஆராய, 1987-இலேயே ஆய்வாளர்கள் ஆங்கில புல்டாகைத்தான் இயற்கையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள். இந்த நாய்கள் ரெம் தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி எழுந்து, மறுபடி கண் மூடி, மறுபடி திணறும். சில நாய்கள் வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டோ, தலையணை மேல் தாடையை உயர்த்தியோ தூங்கும். பார்க்க அழகாக இருக்கும். வாயைத் திறந்து வைத்து மூச்சு விட அது தானாகக் கண்டுபிடித்த வழி அது. எடையைக் குறைப்பது நிறைய உதவும். மூக்குத் துளையையும் அண்ணத்தையும் சரிசெய்யும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. "இந்த இனமே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

தூங்கும் நாயின் மூச்சை எண்ணச் சொன்னார் மருத்துவர். எதற்கு?

இதயக் கோளாறு உள்ள நாய்க்கு நுரையீரலில் நீர் சேரத் தொடங்குவதை இருமல் வருவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் எளிய வழி அது. விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு ஓடும்போது எண்ணாதீர்கள். அப்போது மூச்சு தாறுமாறாக இருக்கும், தேவையில்லாமல் பயப்படுவீர்கள். துடிப்பு அடங்கி, விலா சீரான பிறகு எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். இதயம் நன்றாக உள்ள நாய்க்கும் ஒரு வாரம் எண்ணி எழுதி வையுங்கள். செவலைக்கு 16 முதல் 19 வரை வரும். நாளைக்கு 34 வந்தால் எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சாப்பாட்டைப் பார்த்ததும் மயங்கி விழும் நாய் உண்டா?

உண்டு. அதற்கு நார்கோலெப்ஸி என்று பெயர். பூனையின் ரெம் தூக்கத்தைக் காட்டிய அதே வில்லியம் டெமென்ட், 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள நாய்களை ஆராயத் தொடங்கினார். டோபர்மேன், லாப்ரடார் இனங்களில் இது பரம்பரையாக வருவது தெரிந்தது. பிடித்த சாப்பாட்டைக் கண்டதும், விளையாட்டு உச்சத்துக்குப் போனதும், பின்னங்கால் துவண்டு அப்படியே தரையில் சரியும். கனவுத் தூக்கத்துக்கான தசைத் தடுப்பு விழிப்பிலேயே வந்து விழுந்துவிடுகிறது. சில நொடிகளில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிடும்.

1999-இல் எமானுவேல் மினோ தலைமையிலான குழு காரணத்தைக் கண்டது: விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பியின் மரபணுவில் பழுது. மனிதர்களின் நார்கோலெப்ஸியில் அதே வேதிப்பொருள் குறைந்துபோவது அதை ஒட்டியே தெரியவந்தது. பல வருடம் சோதனைக்கூடத்தில் சாப்பாட்டின் முன் சரிந்து சரிந்து எழுந்த அந்த நாய்களுக்கு, பகலில் தூங்கி விழும் எத்தனையோ மனிதர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

புதிதாகக் கற்றுக்கொடுத்ததை நாய் தூக்கத்தில் மனதில் பதித்துக்கொள்ளுமா?

ஆம். புடாபெஸ்ட் குழு, ஹங்கேரிய மொழியில் "உட்கார்", "படு" தெரிந்த நாய்களுக்கு அதையே ஆங்கிலச் சொற்களில் கற்றுக்கொடுத்துவிட்டுத் தூங்கவிட்டது. பாடம் படித்த நாளில் தூக்கத்தின் மூளை அலைகள் மாறியிருந்தன. அந்த மாற்றத்துக்கும், எழுந்தபின் நாய் சொல்லைப் புரிந்துகொண்டதற்கும் தொடர்பு இருந்தது. அதனால் பயிற்சியைக் குறுகியதாக வைத்து, முடிந்ததும் நாயை நிம்மதியாகப் படுக்க விடுங்கள். உடனே அடுத்த பாடத்தைத் திணிக்காதீர்கள்.

புதிய குட்டி இரவெல்லாம் அழுகிறது. எங்கே படுக்கவைப்பது?

உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில். நேற்றுவரை அம்மாவின் வயிற்றோடு, உடன்பிறப்புகளின் குவியலுக்குள் தூங்கியது. தனியறையில் அழவிட்டுப் பழக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கை எட்டும் தூரத்தில் பெட்டியோ மெத்தையோ போட்டு, அழுதால் விரலைக் கொடுங்கள். நடு இரவில் ஒருமுறையாவது வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கும். அந்த வயதில் மூத்திரத்தை அடக்கும் சக்தி அதற்கு இல்லை. போகும்போது பேச வேண்டாம், விளையாட வேண்டாம். சில வாரம் கழித்து மெத்தையைத் தினம் ஒரு அடி நகர்த்துங்கள்.

மாலையில் வீடெல்லாம் ஓடிக் கடித்துக் குதறும் குட்டி பெரும்பாலும் தூக்கத்துக்கு ஏங்கும் குட்டி. விளையாட்டுக் காட்டாமல் இருட்டான மூலையில் படுக்க வையுங்கள்.

வயதான நாய் பகலெல்லாம் தூங்கி, இரவில் நடமாடுகிறது. என்ன செய்ய?

முதலில் வலி இருக்கிறதா, மூத்திரம் அடிக்கடி வருகிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. இரண்டும் இல்லை என்றால் மனித மறதி நோயைப் போன்ற முதுமைத் தடுமாற்றமாக இருக்கலாம். மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் நிற்கும், கதவின் கீல் பக்கம் நின்று திறக்கக் காத்திருக்கும், காரணமில்லாமல் குரைக்கும். 2023-இல் அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூத்த நாய்களின் தூக்கத்தைப் பதிவு செய்தபோது, இந்தத் தடுமாற்றம் அதிகமான நாய்கள் ஆழ்ந்த தூக்கம், ரெம் தூக்கம் இரண்டிலும் குறைவான நேரமே செலவிட்டன. பிடிவாதத்தில் செய்யவில்லை, தூங்க முடியாமல்தான் அலைகிறது.

செவலைக்குப் போன வருடம் தொடங்கியது. காலை வெயிலிலும் மாலையிலும் மெதுவாக நடக்கக் கூட்டிப்போகிறேன். பகல் தூக்கத்தை முழுக்க விடாமல், மோப்பம் பிடித்துத் தேட ஒளித்துவைத்த துண்டுகளைக் கொடுக்கிறேன். படுக்கும் முன் ஒருமுறை வெளியே. தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு. வழுக்கும் தரையில் பாய். மேசை நாற்காலியை இடம் மாற்றுவதே இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரை ராத்திரி ஒன்று. இன்னமும் மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் நிற்பாள். நகம் தரையில் தட்டும் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். நான் விளக்கைப் போடுவதில்லை, பேசுவதில்லை. பக்கத்தில் போய் இடுப்பில் கை வைத்து மெத்தைவரை கூட்டி வருவேன். இரண்டு சுற்று சுற்றிப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் மூக்குத் துளை விரியத் தொடங்கும்.